ஐந்தாவது பேட்டரி

"பாலம் ஏறாத வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு, ஏறுற வண்டிக்கு இல்லைன்னா, அந்தச் சட்டத்தை யாருக்காக எழுதி வெச்சிருக்காங்க?" பரிமல் ஹால்தார் என்னிடம் கேட்டார்.

மேற்கு வங்கத்தின் ராணாகாட்டில் ரயில் மேம்பாலத்துக்குக் கீழேதான் அவருடைய டோட்டோ நிற்கும். நான்கு பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி. பூக்காரிகள் மூட்டையோடு ஏறினால் பாலத்தின் பாதியில் நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள்.

"பரிமல் அண்ணா, காசும் குடுத்துட்டு வண்டியையும் நாங்களே தள்ளணுமா? ஒரு நாள் நீ இறங்கித் தள்ளு, நாங்க ஓட்டுறோம்" என்பாள் பூக்காரி சபிதா.

கடைசியில் ஸ்டாண்டில் எல்லாரும் செய்ததையே அவரும் செய்தார். இருக்கைக்கு அடியில் ஐந்தாவதாக ஒரு பேட்டரியைச் சேர்த்தார். வண்டி ஒரே மூச்சில் பாலம் ஏறியது. அப்படிச் சேர்த்தால் வண்டியின் காப்பீடு செல்லாது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் ஒருநாள் ஸ்டாண்டில் நின்றிருந்த வண்டியில் வயர் சூடாகிப் பற்றிக்கொண்டது. பரிமல் மண்ணை வாரி வாரிக் கொட்டினார். கூண்டும் கருகிய பேட்டரிகளும்தான் மிஞ்சின.

காப்பீட்டு விதியை அன்றுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டான், கூட வண்டி ஓட்டும் கோபேன். "இன்சூரன்ஸ்ல இருந்து சர்வேயர் வர்றதுக்குள்ள அஞ்சாவதைக் கழட்டி என் வீட்ல போட்டுடு" என்றான். பரிமலுக்கு மனசே இல்லை. ஆனால் இழப்பீடு வந்து வண்டி மறுபடி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கழற்றினார்.

சேதத்தை மதிப்பிட சர்வேயராக வந்தவள் இளம்பெண். கூண்டைச் சுற்றிப் பார்த்தாள். "எரியறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா, காக்கு?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள்.

பரிமலின் முகம் மலர்ந்தது. வண்டியை எவ்வளவு அருமையாக வைத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியட்டுமே. தொழில் கருவிகளுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜையன்று எடுத்த படத்தைக் காட்டினார். அன்றைக்குப் பேட்டரிகளைக் கழற்றித் துடைத்துச் சாமி முன்னால் வரிசையாக வைப்பது வழக்கம். படத்தில் ஐந்து பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் சாமந்தி மாலை, குங்குமப் பொட்டு.

கோபேன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இதை ஏன் காக்கு என்கிட்ட காட்டினீங்க?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"பார்க்காத மாதிரி இருந்துடும்மா" என்றார் பரிமல்.

"பார்த்துட்டேனே. மறைச்சா என் வேலை போயிடும்." கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

இழப்பீடு இல்லை என்று பதில் வந்தது. ஐந்தாவது பேட்டரிக்கு முறைப்படி அனுமதி வாங்க வழி உண்டா என்று போக்குவரத்து அலுவலகத்தில் போய்க் கேட்டார். அந்த வகை வண்டிக்கு நான்குதான் என்றார்கள். இப்போது அவர் மூட்டை தூக்குகிறார். ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் இன்னும் ஐந்து பேட்டரியோடுதான் பாலம் ஏறுகின்றன. நான்கு பேட்டரியில் வண்டி ஏறுவதில்லை, வேறென்ன செய்வார்கள்?

டோட்டோ ஓட்டும் யாரையாவது தெரிந்தால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். பேட்டரி சேர்ப்பதற்கு முன்னால் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது படித்துக்காட்டச் சொல்லுங்கள். சட்டம் எழுதுகிறவர்கள் யாரையாவது தெரிந்தால், பாலத்தைப் பற்றி அவர்களிடமும் சொல்லுங்கள்.