அம்மா கதவைத் திறந்த மாலை

அம்மாவின் காரியத்துக்கு வந்திருந்த உறவுகள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அந்த ஊர்ல இனிமே தனியா இருந்துக்குவயா கண்ணு? பயமா இருக்காது?" அன்று நான் அழுதுகொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை. வருடம் திரும்பிவிட்டது. அம்மாவின் இந்த நினைவு மலரில் எனக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "பொறப்பு, படிப்பு, வேலை, கடைசி நாளு, நன்றி... வரிசையா எழுதோணும், ஓடாத" என்பது பெரியப்பாவின் உத்தரவு. வரிசையாகத்தான் எழுதப் போகிறேன். நடுவில் ஒரு மாலைப்பொழுது மட்டும் கொஞ்சம் அதிக இடம் பிடித்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

அம்மா பிறந்தது கம்பைநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மரவள்ளியும் மஞ்சளும் போட்ட குடும்பத்தில். அக்கா, தங்கை இருவரில் இளையவர். நர்சிங் படிக்கப் போகிறேன் என்றதும் தாத்தா மூன்று நாள் பேசவில்லையாம். நான்காம் நாள் தாத்தாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். படிப்பு முடிந்து அம்மா தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடங்கள் வேலை பார்த்தார். அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு வெளிநாடு என்ற எண்ணம் வந்தது. ஆங்கிலத் தேர்வில் மூன்று முறை தோற்றார். விட்டாரா? வார்டில் ஊசி போட்டுக்கொண்டே ஆங்கிலம் பேசிப் பழகினார். "ஏனுங்க சிஸ்டர், தமிழ்ல திட்டுனாலும் பரவால்லீங்க, இது பயமா இருக்குதுங்க" என்று ஒரு நோயாளி கையெடுத்துக் கும்பிட்ட கதையை அம்மாவே நடித்துக் காட்டுவார். நான்காவது முறை தேறினார். அயர்லாந்தில் ஒரு சிறிய ஊரின் மருத்துவமனையில் வேலை கிடைத்தது.

முதல் வருடம் மருத்துவமனைக் குடியிருப்பில் தனியாக இருந்தார். மறு வருடம் ஆகஸ்ட்டில் நானும் போய்ச் சேர்ந்தேன். வாடகைக்கு ஒரு வீடு, வரிசையாக நாற்பது வீடுகள் உள்ள தெரு, எல்லாம் ஒரே அச்சு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! அம்மா மட்டும் எப்போதும் கைப்பையில், அந்த நாட்டில் தங்க அனுமதி தரும் குடியிருப்பு அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்கு அம்மா வைத்திருந்த பெயர் 'பத்திரம்'. ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியம்மா போனில் கேட்பார்.

"ஏம்புள்ள, பத்திரமா இருக்கறீங்களா?"

"பத்திரம் இருக்குது அக்கா. பத்திரமா இருக்கறமான்னுதான் தெரியல."

இருவரும் சிரிப்பார்கள். செப்டம்பரில் அந்தச் சிரிப்பு நின்றது.

ஒரு மாலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முன்ஜன்னல் உடைந்தது. கல். வெளியே இரண்டு மூன்று பேர் ஓடும் சத்தம், "உங்கள் ஊருக்குப் போங்கள்" என்று ஒரு கத்தல். நான் வெளியே ஓடப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். போலீஸ் வந்தது, மரியாதையாக எழுதிக்கொண்டு போனது. யார் என்று தெரியவே இல்லை. கண்ணாடி வர நாளாகும் என்று ஜன்னலில் பலகை அடித்தார்கள். அம்மா கதவுக்கு மூன்று சங்கிலி போட்டார். மாலை ஐந்து மணிக்கே திரை விழும். நான் போனில் சத்தமாகச் சிரித்தால் "மெதுவாடி" என்பார். தர்மபுரி வார்டில் மாடிப்படி அதிரப் பேசியவர் அவர். ஒரு நாள் மேசைமேல் ஒரு கடிதம் பார்த்தேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். "தீபாவளி முடியட்டும், குடுத்தர்றேன்" என்றார். நான் சண்டை போட்டேன். "கல்லு உன் தலைல உழுந்திருந்தா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

விஷயம் தெரிந்து பெரியம்மா சும்மா இருப்பாரா? சேலம் போய் ஒரு திருஷ்டி பொம்மை வாங்கி, அம்மாவோடு அங்கே வேலை பார்த்து, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த தோழி ஒருவரின் பெட்டியில் திணித்து அனுப்பிவிட்டார். புது வீடு கட்டும்போது நம் ஊரில் மாட்டுவோமே, அதேதான்: முட்டைக்கண், கோரைப்பல், முழ நீளத்துக்கு நாக்கு. "வாசல்ல மாட்டு, ஒரு பய கிட்ட வரமாட்டான்." அம்மா மாட்டினார். அக்டோபர் கடைசி நாள் அது. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா முறுக்குச் சுட்டு முடித்து அதிரசம் தட்டிக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது. எங்கள் வீட்டு மணியை யாரும் அடித்ததே இல்லை! அம்மா அடுப்பை அணைத்தார், விளக்கை அணைத்தார். மறுபடி மணி. வெளியே ஒரு கூட்டத்தின் சத்தம். நான் திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தேன்.

"எத்தன பேருடி?"

"நெறையம்மா. மூஞ்சில முகமூடி போட்டிருக்காங்க."

"போலீசுக்குப் போன் போடு!"

போனை எடுத்துவிட்டேன். அப்போதுதான் முன்னால் நின்ற ஆள் என் கண்ணில் பட்டார். உயரம் என் இடுப்புக்குக் கூட வராது. உடம்பெல்லாம் எலும்புக்கூடு வரைந்த சட்டை, கையில் ஒரு வாளி. பள்ளியில் வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள், என் மரமண்டைக்குத்தான் உறைக்கவில்லை. பிள்ளைகள் பேய்வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் நாள் அது. அலங்காரம் செய்த வீட்டுக்குத்தான் போவார்கள். தெருவிலேயே மிகப் பயங்கரமான அலங்காரம் எங்கள் வீட்டில்!

"அம்மா, மிட்டாய் கேக்க வந்திருக்குதுங்க, சின்னப் புள்ளைங்க!"

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அம்மா நம்பவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார். முதல் சங்கிலியைக் கழற்றினார், நின்றார். இரண்டாவது. மூன்றாவதைக் கழற்றும் முன் கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். கதவு திறந்தது.

எலும்புக்கூடு பொம்மையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் எண்ணெய் சொட்டும் கரண்டி. "நீங்கள் என்ன வேஷம்?" என்று கேட்டது.

"நான் நர்ஸ்" என்றார் அம்மா.

"நர்ஸ் மாதிரியே இல்லையே!"

அம்மா சிரித்துவிட்டார். தர்மபுரிச் சிரிப்பு, ஒன்றரை மாதமாக நான் கேட்காத சிரிப்பு. அன்று எங்கள் வீட்டு முறுக்கு முழுவதும் போனது, அதிரசமும் போனது. ஒரு குட்டிச் சூனியக்காரி முறுக்கைக் கடித்து, காரம் என்று கண்ணீர் விட்டு, தெருமுனை வரை ஓடிவிட்டு, இன்னொன்று கேட்டுத் திரும்பி வந்தாள்.

பிள்ளைகளோடு டார்ச் பிடித்து வந்தவர் பக்கத்து வீட்டு மோரா. பள்ளியில் சமையல் வேலை பார்ப்பவர், அதுவரை எங்களோடு பேசியதில்லை. ஜன்னல் பலகையைக் காட்டி, வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்றுதான் நினைத்தேன் என்றார். நடந்ததை நான் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டார். அம்மா தன் நான்காம் முறை ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "யாரைத் தெரியும் எங்களுக்கு?" மோரா டார்ச்சை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார். பிறகு, "இப்போது என்னைத் தெரியும்" என்றார்.

அந்த வாரப் போன் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"பொம்ம வேல செஞ்சுதா புள்ள?"

"செஞ்சுது அக்கா. தெருவே வந்துருச்சு."

"அடிப்பாவி! வரக்கூடாதுன்னுதான அத மாட்டச் சொன்னன்!"

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. மூன்று சங்கிலியில் இரண்டைக் கழற்றினார், ஒன்றை விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் இளைஞர் கூட்டம் நின்றால் என் கையைப் பிடிப்பார். ஆனால் அதே தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் எங்கள் வீட்டு மணிதான் அடிக்கும். பயமும் இருந்தது, மணியும் அடித்தது. இரண்டோடும்தான் அம்மா அங்கே வாழ்ந்தார், நன்றாக வாழ்ந்தார்.

மூன்று வருடம் கழித்து நோய் வந்தது. வார்டில் தன்னோடு வேலை பார்த்தவர்களே தனக்கு ஊசி போடுவதைப் பார்த்து, "சரியா போடறீங்களா, நான் சொல்லித் தரட்டுமா?" என்று கேலி செய்தார். கடைசி இரண்டு மாதம் அக்காவோடு இருக்க ஆசைப்பட்டு ஊர் வந்தார். பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி ஒரு காலைப்பொழுதில் போய்விட்டார்.

அம்மாவைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட பெரியம்மா, பெரியப்பாவுக்கும், மருத்துவமனைக்குக் காரோட்டிய அண்ணன்களுக்கும், இரவும் பகலும் உடனிருந்த, அப்பா வழி அரூர் சித்திக்கும், தோளில் சுமந்த ஊர்க்காரர்களுக்கும் என் வணக்கம். அங்கே அம்மாவோடு வேலை பார்த்த சகோதரிகளுக்கும் நன்றி.

வருட திதிக்காக வந்த நான் அடுத்த வாரம் திரும்பக் கிளம்புகிறேன். படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பயமா இல்லையா என்று கேட்டீர்கள். கொஞ்சம் இருக்கிறது. கடைசி நன்றி, தமிழ் படிக்கத் தெரியாத மோராவுக்கு. நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது: குளிரில் குழாய் உறையாமல் இருக்க வீட்டுச் சூடேற்றியைப் போட்டாயிற்று, செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, எந்த நாள் வருகிறாய்? எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.