மச்சான் சரிசெய்து கொடுத்த சக்கரங்கள்

எழுபதுகளின் நடுப்பகுதி. டயருக்குக் கடும் தட்டுப்பாடு. அக்காவின் புருஷனும் நானும் சேர்ந்து ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு ஹாலிஎலயிலிருந்து வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடிக்கொண்டிருந்தோம். எங்கெங்கோ சொல்லிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய முன் டயர்கள் இரண்டும் மழைக்காலம் முடிவதற்குள் வெளி ஓரத்தில் மொட்டையாகிவிட்டன. நடுவிலும் உள் ஓரத்திலும் கோடுகள் புதிதாகவே இருந்தன.

மச்சான் குனிந்து அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அந்த வாரம்தான் அவருக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்திருந்தது. எங்கள் அப்பாவுக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்ததால் நான் இந்த நாட்டுக்காரன். மச்சானின் குடும்பத்துக்கு அது கிடைக்கவில்லை. புருஷனோடு அக்காவும் இந்தியாவுக்குப் போயாக வேண்டும்.

"போறதுக்கு முந்தி இத சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன் மாப்பிள்ள," என்றார்.

"இப்ப இதுவா முக்கியம்?"

"பின்ன? ஸ்பிரிங்வெளி வளைவுல டயர் வெடிச்சா, நீ கீழ எங்க போய் விழுவன்னு தெரியாதா?"

பதுளையில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கராஜ் இருந்தது. அங்கே கொண்டுபோனோம். அவர் டயர்களின் நடுவில் சோக்கட்டியால் கோடு போட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை அளந்தார்.

"எங்கயாவது கான்ல இறக்கினீங்களா தம்பி?"

இறக்கியிருந்தோம். மழையில் எதிரே வந்த லொறிக்கு ஒதுங்கப்போய் சக்கரம் ஓரத்துச் சாக்கடைக் கானில் விழுந்தது.

"அதுலதான் ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ராட் வளைஞ்சிருக்கு. ரெண்டு சக்கரமும் முன்னால உள்ள பார்த்துக்கிட்டு நிக்குது. கொஞ்சம் உள்ள பார்க்கணும்தான். ஆனா இது ரொம்ப அதிகம். உருளுறதோட தேய்ச்சுக்கிட்டும் போகுது."

ராடை மாற்றி, அளந்து, திருகி, திரும்ப அளந்தார். கார் நேராக ஓடியது. ஆனாலும் மச்சானுக்குத் திருப்தியில்லை. "மலையில மெதுவா ஓட்டுறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கீழ சமவெளியில ஓட்டிப் பார்க்கணும்," என்றார்.

மறுநாள் வெல்லவாயவுக்கு இறங்கினோம். அதைத் தாண்டி நீண்ட நேர்ரோட்டில் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தால் நின்றது, கூட்டினால் திரும்ப நடுங்கியது. மச்சான் காரை ஒரு மரத்தடியில் நிறுத்தினார். வெயில் கொளுத்தியது.

"அங்க போயி என்ன வேல பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"தெரியல. யாராவது கார் வச்சிருக்கவங்க கூப்பிட மாட்டாங்களா?"

"நின்னுருங்களேன் மச்சான்."

அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தார். "எந்த ஊர்க்காரன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறது?"

திரும்பவும் மலையேறி அதே கராஜுக்குப் போனோம்.

கராஜில் முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கையால் சுற்றிவிட்டார்கள். எப்படிச் சுற்றினாலும் ஒரே இடம்தான் கீழே வந்து நின்றது. அந்தப் பக்கம் பாரம் அதிகம், நடுக்கம் அதனால்தான் என்று அர்த்தம். அதற்கு நேர் எதிரே விளிம்பில் சின்ன ஈயத் துண்டை மாட்டினார்கள். பிறகு சக்கரம் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. அதற்கு முன்பே டயர்களையும் கழற்றித் திருப்பிப் போட்டிருந்தார்கள். தேய்ந்த ஓரம் உள்பக்கம் போனது. திரும்பவும் வெல்லவாய வரை போய்ப் பார்க்க நேரமில்லை.

போகிற நாளன்று பதுளை ஸ்டேசனுக்குக் காரை மச்சானே ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால் அம்மாவும் அக்காவும் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேசனில் எங்கு பார்த்தாலும் தகரப் பெட்டிகளும் அழுகையும். அவர்கள் ஏறிய கோச்சி நகரும்போதுதான் மச்சான் சாவியை நினைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். நான் ஓடிப்போய் வாங்கினேன். அக்கா ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை.

சில வாரம் கழித்து புத்தளைக்கு ஒரு ஹயர் கிடைத்தது. வெல்லவாயவைத் தாண்டிய அந்த நேர்ரோட்டில் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். நடுக்கமே இல்லை. அதைச் சொல்ல ஆளில்லை.

அடுத்த வருஷம், இந்தியாவுக்குப் போய்வந்த பதுளைக் கடைக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். மச்சான் கோத்தகிரிப் பக்கம் காட்டில் மரம் வெட்டுகிறாராம். அக்கா பிள்ளைப்பேற்றில் இறந்துவிட்டாளாம், பிள்ளையும் தங்கவில்லையாம். "அம்மாகிட்ட நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்," என்றார்.

அன்று அப்புத்தளைக்கு ஹயர் ஒப்புக்கொண்டிருந்தேன். போனேன். பின் சீட்டில் இருந்தவர்கள் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மூடுபனியில் விளக்கைப் போட்டு மெதுவாகவே ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இருவருக்கும் சோற்றைப் போட்டு உட்கார்ந்து, "இன்னிக்கு ஓட்டம் எப்படிப்பா?" என்று கேட்டாள்.

"பரவாயில்லம்மா," என்றேன். அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.