அம்மா பார்த்துச் சொன்ன சாலை

முன்னால் போன லாரி டீசல் புகையைக் கக்கியதும் எனக்கு மறுபடி பத்து வயது ஆகிவிட்டது.

அன்றுதான் அப்பா, பேப்பர் இல்லாமல் பார்டர் வழியாக வந்த பழைய ஜப்பான் டீசல் காரை வாங்கியிருந்தார். ரங்கூனில் சாலையின் வலப்பக்கம் போகவேண்டும். காரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். லாரிக்குப் பின்னால் மாட்டினால் அப்பாவுக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் இருந்த அம்மாதான் தலையை நீட்டிப் பார்த்தாள்.

மிங்கலாடோன் சாலையில், அப்பாவிடம் குரலே உயர்த்தாதவள் கத்தினாள்: "இருங்க, பஸ் வருது... இப்பப் போங்க!"

கார் லாரியை முந்திச் சீறிப் பாய்ந்தது. நான் கைதட்டிக் குதித்தேன்.

இன்று என் புதுக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். எனக்கே சாலை முழுதும் தெரிந்தது. ஆனாலும் பக்கத்தில் இருந்த அம்மா தலையை நீட்டி, "இப்பப் போ!" என்று கத்தும்வரை காத்திருந்தேன்.