மாமனாருக்கு ஓர் இலை

திருமணத்துக்குப் பிறகு என் கணவர் புக்கிட் பெருவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காரணங்கள் எளிமையானவை. நான் ஒரே பிள்ளை. குருபோங் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை, வீட்டிலிருந்து பக்கம். அவருக்குப் பெற்றோர் இல்லை. வாடகை மிச்சம் என்று உறவினர்கள் கேலி செய்தால் அவரும் கூடச் சிரிப்பார். எங்கள் வீட்டில் அவர் எதையும் கேட்டதில்லை. எதைச் சமைத்தாலும், டிவியில் எது ஓடினாலும், என் அம்மாவிடம் "சரி அத்தை"தான்.

போன தீபாவளிக்கு முன்பு, பெம்பானில் இருந்த அவருடைய அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர்கள் அப்பாவுக்கு வருஷா வருஷம் அந்த வீட்டில்தான் தீபாவளிப் படையல். ஒருநாள் குடை எடுக்கக் காரின் பின்பக்கத்தைத் திறந்தபோது, துண்டில் சுற்றிய படம் ஒன்று கிடந்தது. என் மாமனார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை.

இந்த வருஷம் இங்கே ஓர் இலை போடலாமா என்று அத்தையிடம் கேட்க நினைத்ததாகவும், வாய் வரவில்லை என்றும் கணவர் சொன்னார். நானே அம்மாவிடம் கேட்டேன். ஒரு வீட்டில் ஒரு வம்சத்துக்குத்தான் படையல், கலந்து போட்டால் யாருக்கும் சேராது என்று அம்மா சொல்லிவிட்டார். கணவர் தலையாட்டினார். பெம்பானுக்குப் போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே இலை போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். அதையும் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு உரித்தார்.

படையலன்று காலை அம்மா அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அவர் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்.

"எதுவா இருந்தாலும் சரி, அத்தை."

"உங்களுக்குக் கேக்கல மாப்பிள்ளை. அவருக்குக் கேக்கறேன்."

கணவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஆட்டுக்கறி, மிளகு தூக்கலா. கருவாடு பொரிச்சது. ரசம் வேணாம், அவருக்கு ஆகாது. அப்புறம், கறுப்பு பீர் ஒண்ணு."

எங்கள் வீட்டுப் படையலில் பீரெல்லாம் வைத்ததே இல்லை என்றார் அம்மா.

"அது இருந்தாதான் வருவாரு, அத்தை."

என் அப்பா தானே போய் வாங்கி வருவதாகச் சொல்லிக் கார் சாவியை எடுத்தார். அவ்வளவு வேகமாக அவர் கடைக்குக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

எங்கள் தாத்தா பாட்டி படங்களுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்று அம்மா சொன்னதால், எதிர்ச்சுவர் ஓரம் நாற்காலி போட்டு மாமனாரின் படத்தை வைத்தோம். முன்னால் தனி இலை. எங்கள் பக்கத்துக்கு அப்பா சூடம் காட்டினார். பிறகு தட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.