ஏழாவது ஆட்டின் கழுத்து

உட்துறைமுக வீதியில் போட் எஞ்சின் திருத்துகிற ஸைனுலாப்தீனுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் பள்ளிக்கூடத்தை விட்டார். பொலிவியா எந்தப் பக்கம் என்று கேட்டால் கடலைக் காட்டுவார். ஆனால் அந்த நாட்டு வெள்ளிக்காசு அடித்த அச்சு எங்கே வெடித்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை நடக்காது.

மனைவி றம்ஸியாவின் குடும்பத்தில் முந்தி ஒரு காசுமாலை இருந்தது. ஒன்பது பொலிவியக் காசு. எந்தக் கப்பலில் வந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. பங்கு பிரித்தபோது ஆளுக்கொன்றாகப் போய்விட்டது. ஒரு பக்கம் ஒரு மனிதர் தலை. மறுபக்கம் ஒரு மரம், அதன் அடியில் நீண்ட கழுத்தோடு இரண்டு மிருகம். லாமா என்று பெயராம். றம்ஸியாவின் ஊரான கிண்ணியாவில் அது ஆடு.

காசடிக்கிற இரும்பு அச்சில் வெடிப்பு விழுந்தால், அடிக்கும்போது வெள்ளி அதற்குள் ஏறும். காசில் அது மயிர்போலக் கோடாகப் புடைத்து நிற்கும். அச்சை மாற்றாமல் அடித்தால் கோடு காசுக்குக் காசு நீளும். இந்த ஒன்பதும் ஒரே அச்சு. முதலாவதில் கோடே இல்லை. ஆறாவதில் வலப்பக்க ஆட்டின் கழுத்தைத் தொடுகிறது. எட்டாவதில் விளிம்புவரை போய்விட்டது. ஒன்பதாவதில் அச்சின் ஓரமே உடைந்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளிக் கட்டி. எஞ்சினில் வெடிப்பைக் கண்டால் ஸைனுலாப்தீன் கெட்ட வார்த்தை சொல்லுவார். காசில் கண்டால் பிளேன்டீ ஆறிப்போகும்.

பதினோரு வருடத்தில் எட்டுக் காசு சேர்த்துவிட்டார். ஒரு காசுக்காகத் தையல் மெஷின் ஒன்றும் போனது. ஏழாவது மட்டும் றம்ஸியாவின் மாமி நபீஸாவிடம் இருந்தது. கோடு கழுத்தைக் கடக்கிற காசு அதுதான். அது இல்லாவிட்டால் வரிசை அறுந்த வரிசை. ஒரு கலியாண வீட்டில், நபீஸாவின் கழுத்து மாலையில் அதைக் கண்டிருந்தார்.

"மாமிட கழுத்தை என்னத்துக்கு அப்பிடிப் பாத்துக்கொண்டு இருந்தநீங்க?" என்று அன்றைக்கு றம்ஸியா கேட்டாள்.

"நான் ஆட்டிட கழுத்தைத்தான் பாத்தனான்."

"அதை வெளியில சொல்லிப்போடாதீங்க."

போன மாதம் நபீஸாவின் தண்ணீர்ப் பம்பைத் திருத்திக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அவர் கண் எங்கே போகிறதென்று நபீஸா கண்டுகொண்டார்.

"இந்தக் காசு உங்களுக்குத்தான், மருமகன். மாலையில இருந்து கழட்டி வைக்கிறன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வாங்க."

அங்கேதான் ஸைனுலாப்தீன் வாயை விட்டார். "கழுத்தில வெடிப்பு இருக்குப் பாத்தீங்களா, மாமி? இந்தா, குறுக்கால." சந்தோசத்தில் சொன்னது. நபீஸா வடிவாகக் கேட்டுக்கொண்டார். ஸைனுலாப்தீன் காசைப் படம் எடுக்கவில்லை. தண்ணீர் வேலைக்கு அவர் போன் கொண்டுபோவதில்லை.

வெள்ளிக்கிழமை பஞ்சு வைத்த டப்பாவோடு கிண்ணியாப் பாலம் தாண்டினார். முதலில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. பிறகு, நகைக்கடை ரோஸ் கடதாசியில் சுற்றிய காசு வந்தது. கண்ணாடிபோல மின்னியது. மணிக்கூடு திருத்துகிறவர்கள் வைக்கிற வில்லையைக் கண்ணில் வைத்தார். கோடு இல்லை. ஆட்டின் கழுத்தில் புதிதாக மயிர் செதுக்கியிருந்தது.

"சின்னராசாப் பத்தர் ரெண்டு நாள் இருந்து செய்தவர்," என்றார் நபீஸா. "குறையுள்ள ஆட்டைப் பெருநாள் குர்பானுக்கே குடுக்கேலாது. மருமகனுக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

ஸைனுலாப்தீன் கண்ணிலிருந்து வில்லையை எடுக்கவில்லை. எடுத்தால் முகத்தைக் காட்ட வேண்டும்.

"வேலை சுத்தம்," என்றார்.

"இப்ப ஒரு குறையும் இல்லைதானே?"

"ஓம் மாமி. ஒண்டுமே இல்லை."

"மற்ற எட்டும் வெடிச்சுத்தான் கிடக்கெண்டு றம்ஸியா சொன்னவள். கொண்டு வாங்க. பத்தர் நம்மட ஆள். எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கித் தருவார்."

வட்டிலப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். அது அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் இருந்த எட்டுக் காசையும் எடுத்துப் பழைய பிஸ்டன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"மாமி கேட்டால் எட்டும் திருத்தியாச்செண்டு சொல்லு."

"பொய் சொல்லவோ?"

"அப்ப பத்தரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு."

ஸைனுலாப்தீன் பெட்டியைத் திரும்பத் திறந்தார். அவர் ஏழாவது காசையும் அதன் இடத்தில் வைத்தார். அட்டைத்துண்டில் எழுதினார்: 'ஏழு. கோடு கழுத்தைக் கடந்தது. கலியாண வீட்டில் கண்டது. சாட்சி றம்ஸியா.' பேனையை அவளிடம் நீட்டினார்.

"நான் ஆட்டைப் பாக்கல்லையே. நீங்க பாத்ததைத்தான் பாத்தனான்."

"அது போதும். கையெழுத்தைப் போடு."