சும்மா நாள்

"...சும்மா உக்காந்தா அவரு மொகம்தான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. வேலைன்னு ஓடிக்கினு இருந்தா பொழுது போறதே தெரியாது. நீ வண்டிய எடுப்பா" என்றார் அக்கா. கணவருக்குக் காரியம் முடிந்த மறுநாள் காலை அது.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற சின்னத் தொண்டு நிறுவனம் எங்களுடையது. அக்கா அதை ஆரம்பித்தவர், நான் வண்டி ஓட்டுகிறவன். எங்கள் நோயாளிகள் எழுந்து நடக்கப் போவதில்லை. புண்ணைக் கழுவி, வலிக்கு மருந்து கொடுத்து, கடைசிவரை கூட இருப்போம். அதற்காகவே அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். நோயாளி ஒருவர் போய்விட்டால், அவரைக் கவனித்த நர்ஸ் மறுநாள் வேலைக்குப் போகக் கூடாது, வீட்டில் தனியாகவும் கிடக்கக் கூடாது. ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். அழலாம், தூங்கலாம், போனவரைத் திட்டவும் செய்யலாம். அதற்கு 'சும்மா நாள்' என்று பெயர்.

"சும்மா இருக்கறதுக்கா சம்பளம்?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார். "நீங்க ஒரு நாள் வந்து இருந்து பாருங்க சார். அதவிட கஷ்டமான வேல இங்க எதுவும் கெடையாது" என்றார் அக்கா.

அவர் கணவரும் எங்கள் நோயாளியாக இருந்துதான் போனார். நாங்கள் போகும்போதெல்லாம், "நான் படுத்தாதான் உங்க அக்கா வூட்டுப் பக்கம் வராங்க. இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே படுத்திருப்பேன்" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அக்கா மட்டும் அந்த நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடுவார்.

அன்று காலை வண்டியருகே ஒரு சின்ன நர்ஸ், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் அவள் பார்த்துவந்த நெசவாளி முந்தின நாள் சாயங்காலம்தான் இறந்திருந்தார். "தறியில ஓடற நாடா மாதிரி இங்கியும் அங்கியும் ஓடிக்கினே இருக்கியேம்மா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயேன்" என்பார் அந்தப் பெரியவர். "நாளைக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டு இவள் ஓடி வருவாள்.

"நீ எங்கம்மா கெளம்பிட்ட? இன்னைக்கு உனக்கு சும்மா நாளாச்சே. போய் உக்காரு" என்றார் அக்கா.

"நீங்க உக்காரலியேக்கா."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"அப்ப எனக்கும் ஒண்ணுமில்ல. வூட்டுக்காரரப் பறிகுடுத்துட்டு நீங்களே வண்டி ஏறிக்கினு இருக்கீங்க. யாரோ ஒரு தாத்தாவுக்காக நான் உக்காந்து அழுதா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

'தாத்தா' என்ற இடத்தில் அவள் குரல் உடைந்துவிட்டது. படியில் நின்றிருந்த மற்ற நர்ஸுகள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இப்போது வண்டியில் ஏறிவிட்டால் இனி அந்தப் பெஞ்சில் ஒருத்தியும் உட்காரப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலை வண்டிக்குள் வைத்தபடி அப்படியே நின்றார்.

பிறகு இறங்கினார். அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை மேலே மடக்கிக்கொண்டார். சுவரில் தலையைச் சாய்த்து, பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுவதுபோல, "என்னங்க" என்றார்.