மீன்முள் கரை

பாய்த்தறியில் ஒற்றை ஆளால் ஒன்றும் ஆகாது. ஒருவர் கோரையைக் குச்சியில் மாட்டி நூல்களுக்கு ஊடே விட வேண்டும். இன்னொருவர் கோரையை நெருக்கும் அச்சை இழுத்து அடிக்க வேண்டும். பெரியவளும் அவள் தங்கை சின்னவளும் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே பலகையில்தான் உட்கார்ந்தார்கள். வாழ்க்கைப்பட்டதும் அடுத்தடுத்த தெருவில். காலையில் அடுப்பை அணைத்த கையோடு தறிக் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். பெரியவள் கோரை விடுவாள், சின்னவள் அடிப்பாள், இருவர் வாயும் ஊர்வம்பை மென்றுகொண்டிருக்கும்.

அங்கேதான் வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி டிசைன் படித்த பெண். மற்றவர் மனிதர்கள் வாழும் விதத்தை ஆராய்கிற மானுடவியல்காரர். நெய்கிறவர்களோடு சேர்ந்து யோசித்துப் புதுப் பாய்கள் செய்ய வேண்டுமாம். நல்ல மனிதர்கள். தரையில் உட்கார்ந்து, விரலைக் கீறிக்கொண்டு நெய்து பழகினார்கள். அக்காவும் தங்கையும் சொன்ன நிறங்களையே எடுத்தார்கள்.

"அக்கா, பாய்ல உங்க பேரைத் தைக்கப் போறோம்," என்றாள் டிசைன் பெண் ஒருநாள். "ஓரத்துல மீன்முள் மாதிரி ஓடுதே இந்தக் கரை, இது யாரோட யோசனை?"

"என்னோடதுதான்," என்றாள் பெரியவள். அதே மூச்சில் சின்னவளும் அதையே சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் கோரையைத் தப்பா விட்டதுலதானடி அந்த முள்ளே வந்துச்சு?"

"தப்புன்னு பிரிக்கப் போனியே! அழகா இருக்கு, விடுன்னு கையைப் பிடிச்சது யாரு?"

மானுடவியல்காரர் பதறிப்போனார். "ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம்மா."

"யார் பேரு முதல்ல?" என்று கேட்டாள் சின்னவள்.

"அப்ப பேரே வேண்டாம்க்கா," என்றாள் டிசைன் பெண்.

"இப்ப வேண்டாம்னா நான் பொய் சொன்னேன்னுதானே அர்த்தம்? எப்பவும் இவதான் முன்னாடி, நான் பின்னாடி!" அழுதுகொண்டே எழுந்து போன சின்னவள் மறுநாள் வரவில்லை.

பெரியவள் தேடிப் போனாள். தங்கை புருஷன் வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் வாயைத் தொறந்தாலே எரிஞ்சு விழறா அண்ணி, என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றான்.

பெரியவள் தன் மருமகளைத் தறியில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள். அடி சீராக விழவில்லை. கரை கோணிக்கொண்டு போனது.

"நாங்க வந்திருக்கவே கூடாதுக்கா," என்று விம்மினாள் டிசைன் பெண். பெரியவள் கோணிய கரையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"நீ கேட்டதுல தப்பில்ல கண்ணு. நாங்க ஏன் பதில் சொன்னோம்னுதான் தெரியல."

சின்னவள் இப்போது வேறு கொட்டகையில் தன் மகளோடு நெய்கிறாள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெரியவள் கூப்பிட வாயெடுக்கிறாள். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுகிறாள்.